முத்திரைக்குக் கீழே ஒரு சொட்டு

தெம்ப்யோ மூன்றாம் ஆண்டு, மூன்றாம் மாதம், இருபத்தெட்டு
சுவா

அக்கா மியாமேவுக்கு, தம்பி ஷிமதாரி எழுதுவது.

உயிரோடு வந்து சேர்ந்தேன். காலில் மூன்று கொப்புளம், அவ்வளவுதான். நீ நலமா? இருமல் நின்றதா?

என் வேலை இதுதான்: செத்த மாகாணத்துக்குக் காரியம் செய்வது. பத்து வருடத்துக்கு முன்னால் ஷினானோவிலிருந்து இந்த ஏரிப்பக்கத்தைக் கிழித்தெடுத்து, சுவா என்று தனி மாகாணம் ஆக்கினார்கள். இந்த மாதம் ஏழாம் நாள் மறுபடியும் ஷினானோவோடு ஒட்டிவிட்டார்கள். ஏன் கிழித்தார்கள், ஏன் ஒட்டினார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை. நிலத்தை அளந்து வரைபடம் போட வேண்டும், ஏடுகளை ஷினானோக்காரர்களிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும், மாகாண முத்திரையைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஆளுநர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். மிச்சம் ஒரு காவலாளியும் நிறைய எலிகளும். ஏட்டுக் கிடங்கின் கூரை பாதி வரைதான் வேயப்பட்டிருக்கிறது. பத்து வருடத்தில் ஒரு கூரை முடியவில்லை என்றால் அந்த மாகாணம் போக வேண்டியதுதான்.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் அப்பா இந்த ஏரிக்கரையில்தான் எங்கோ இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தேட மாட்டேன். மக்கள் பதிவேட்டில் கத்தியை வைத்துச் சுரண்டி, பதினோரு பையன்களின் வயதைக் குறைத்து எழுதியவர் அவர். அந்தப் பையன்கள் எல்லைக் காவலுக்குப் போகாமல் தப்பித்தார்கள். அவரை ஏழு வருடத்துக்கு முன் இங்கே நாடுகடத்தினார்கள். நான் கல்விச்சாலையில் ஆறு வருடம் ‘சுரண்டி மகன்’ ஆனேன். கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்த அன்றுகூட என் பலகையில் மரச்சீவல் தூவி வைத்திருந்தார்கள். அப்பா என்ற சொல்லை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

இது பழைய ஏட்டின் முதுகில் எழுதியது. முன்பக்கம் ஆடு மாடு கணக்கு, படிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஷிமதாரி


நான்காம் மாதம், இருபது
நாரா

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

உன் கடிதம் பதினாறு நாளில் கிடைத்தது. தபால் குதிரைக்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், கஞ்சியே கொடுத்தேன். இருமல் போய்விட்டது. கொப்புளத்தை உடைக்காதே. உடைத்திருப்பாய்.

ஆடு மாடு கணக்கையும் படித்தேன். நீ எழுதியதைவிட அது நீளமாக இருந்தது.

இங்கே அரசுத் துணிக்கிடங்கில் வேலை எப்போதும் போலத்தான். மழைக்காலத்துக்கு முன் துணிகளை எல்லாம் வெளியே எடுத்து உதறி மடிக்கிறோம். விரல் காய்த்துப்போகிறது, ஆனால் வேளைக்குச் சோறு இருக்கிறது, நீ இருக்கிறாய், எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏரிக்காற்று முழங்காலுக்கு ஆகாது என்கிறார்கள். உன் முழங்காலுக்குத்தான் சொல்கிறேன். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டாமே? முழங்கால் வலி உள்ளவர்களை அதில் இறங்க விடுவார்களா, அல்லது அதிகாரிகளுக்கு மட்டும்தானா?

இன்னொன்று. இந்த இலையுதிர்காலத்தில் அங்கத்துக் குடிகள் கட்டும் வரித்துணி வருமா? வந்தால் எந்த மாகாணத்தின் பெயர் எழுதி வரும்? கிடங்கில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உலர்ந்த இஞ்சி வைத்திருக்கிறேன். நிறையவே இருக்கிறது. ஒருவனால் தின்று தீர்க்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு.
மியாமே


ஐந்தாம் மாதம், பதினைந்து
சுவா

அக்காவுக்கு,

நலம். இஞ்சி கிடைத்தது. வரித்துணி ‘ஷினானோ மாகாணம், சுவா வட்டம்’ என்று எழுதி வரும். துணியைப் பற்றி உனக்கென்ன இவ்வளவு கவலை? மடிக்கிறவள்தானே நீ?

சரி, நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்திருந்தால் எனக்கு வேலை ஓடாது.

ஏரிக்கரை வயல்களை அளக்க ஒரு கயிறு பிடிக்கிற ஆள் வேண்டும் என்று ஊர்த்தலைவரிடம் கேட்டேன். எண் தெரிந்த ஆள் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மறுநாள் ஒருவரை அனுப்பினார். இடது கால் இழுத்து இழுத்து வந்தார். எழுபது அடி தூரத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

அவருக்கும் தெரிந்திருக்கும். குனிந்து வணங்கி, “கயிறு எங்க பிடிக்கணும், அளவையாரே?” என்றார்.

நான், “அந்த முளைகிட்ட” என்றேன்.

அன்று முழுக்க நாற்பத்திரண்டு வயல் அளந்தோம். அவர் எண் சொல்வார், நான் எழுதுவேன். ஒரு எண்கூடத் தப்பவில்லை. கயிறு நனைந்தால் நீளும் என்று நான் சொல்வதற்குள் அவரே அதை உலர்த்தப் போட்டிருந்தார். மாலையில் ஒரு பெண்மணி கரையில் நின்று, “ஏய் நொண்டி, மீன் ஆறிப்போச்சு! அந்தத் தலைநகர்க் கொக்கும் பட்டினியா கிடக்குதா? அதையும் கூட்டிட்டு வா!” என்று கத்தினாள். கொக்கு நான்தான். தோஜிமே என்று பெயர், மீன் பிடிக்கிற விதவை. அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன். உண்மையில் வேலை இல்லை.

வெந்நீர் ஊற்றில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். குரங்குகூட இறங்குகிறது.

நலமாக இரு.
ஷிமதாரி


ஆறாம் மாதம், மூன்று
நாரா

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கு வாசலிலேயே நின்று படித்தேன். மேற்பார்வைக்காரி திட்டினாள். திட்டட்டும் என்று இன்னொரு முறை படித்தேன்.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்காதே என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தத் தோஜிமே அம்மாளிடம் மட்டும் ஒன்று சொல். சமைத்துப் போடுகிறவர் முகம் தெரியாமலே இத்தனை வருடமாக மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் வாய்விட்டுப் பெயர் சொல்லி வணங்கலாம்.

கூப்பிட்டால் சாப்பிடப் போ. மீனை ஆறவிடாதே.

அக்கா


ஆறாம் மாதம், இருபது
சுவா

அக்காவுக்கு, நலம் கேட்க நேரமில்லை. இதைப் பொறுமையாகப் படி.

ஏடுகளை ஒப்படைக்கும்போது தண்டனைக்காரர் ஏடும் வந்தது. எட்டுப் பெயர். நான்கு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் மன்னிப்புப் பெற்றுப் போய்விட்டார்கள். ஒரு பெயர் மிச்சம். பதிவேட்டைச் சுரண்டியவனுக்கு எந்த மன்னிப்பு ஆணையிலும் இடம் கிடையாது என்று உனக்குத் தெரியும்.

ஷினானோவிலிருந்து வந்திருக்கும் அதிகாரி தருஹிதோ என்பவர். கெட்டவரில்லை. சட்டம் தெரிந்தவர், அதுதான் தொல்லை. அவர் சொன்னது இது: “நடுத்தூர நாடுகடத்தலுக்குச் சட்டத்துல இருக்கிற இடம் ரெண்டே ரெண்டு. சுவா மாகாணம், இயோ மாகாணம். ஷினானோன்னு எங்கயாவது இருக்கா? இல்ல. சுவா மாகாணம் இருக்கா? அதுவும் இல்ல. அப்போ இந்த ஆளு எங்க இருக்கணும்?”

இயோவில். தெற்கே, கடல் தாண்டி. எட்டாம் மாதம் பதினைந்துக்குள், கணவாயில் பனி விழுவதற்கு முன், காவலோடு நடத்தியே அழைத்துப்போக வேண்டுமாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் முதல் கணவாயைத் தாண்டினாலே அதிசயம்.

மாகாணத்தைச் சேர்த்தவர்கள் வயலை நினைத்தார்கள், காட்டை நினைத்தார்கள். தண்டனைக்கு அனுப்பின ஆட்களை நினைக்க மறந்துவிட்டார்கள். இந்த ஓட்டையில் விழுந்திருப்பது நாட்டிலேயே ஒரே ஒரு ஆள்.

வழி ஒன்று உண்டு. தண்டனைக்காரன் ஒரு வருடக் கட்டாய வேலை முடித்து, ஊர்வீட்டு ஏட்டில் பேர் ஏறிவிட்டால் அவன் அந்த ஊர்க்குடி. குடியை மண்ணோடு சேர்த்துத்தான் ஒப்படைப்பார்கள், யாரும் கிளப்ப முடியாது. அவர் பெயர் தோஜிமே வீட்டில் ஏறியதாக ஊரே சொல்கிறது. ஆனால் அந்தத் தாள் கூரையில்லாத பக்கம் இருந்தது. மழையில் ஊறி, எலி தின்று, இப்போது கூழ். தலைநகரில் அதற்கு ஒரு நகல் இருக்கும், தேடி எடுக்க ஒரு வருடம் பிடிக்கும். எனக்கிருப்பது ஐம்பத்தைந்து நாள்.

தோஜிமே இதைக் கேட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். “அங்க தொங்குறது என்ன, மீன் சீவுற கத்தியா?”

“எழுத்துக்கத்தி” என்றேன்.

“அப்ப எழுத்தைச் சீவு. தண்டனைக்காரர் ஏடு மரச்சட்டம்தானே? ஒரு பேரு. மூணு இழுப்பு. எட்டுப் பேர்ல எட்டுமே போயாச்சுன்னு ஆகும். கொக்குக்கு மீனைப் பிடிக்கக்கூடவா ஒருத்தர் சொல்லித்தரணும்?”

அவர் மூலையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், “அது வேணாம், தோஜி” என்றார். “அவன் கை சுத்தமா இருக்கட்டும். எனக்கு நடக்கத் தெரியும்.”

ஆமாம், அந்த வீட்டில்தான் இப்போது சாப்பிடுகிறேன். மேலே கேட்காதே.

அவர் இங்கே ஊர்க்குடியாக இருந்தார் என்பதற்கு ஏதாவது ஒரு சான்று வேண்டும், அக்கா. தேதியும் முத்திரையும் உள்ளது. உனக்கு யாரையாவது தெரியுமா? உடனே எழுது.

ஷிமதாரி


ஏழாம் மாதம், இருபத்தொன்பது
சுவா

அக்கா,

நாற்பது நாளாகப் போகிறது. வழக்கமாக முப்பத்தைந்து நாளுக்குள் உன் பதில் கைக்கு வந்துவிடும். உடம்பு சரியில்லையா? இல்லை, எழுத ஒன்றுமில்லையா?

அலுவலகத்தில் தனியாக இருந்தபோது கத்தியை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்துப் பார்த்தேன். அவர் அன்று எவ்வளவு நேரம் இப்படிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று முதல் தடவையாக யோசித்தேன். பதினோரு பெயர். எனக்கு ஒன்றுக்கே கை வியர்த்துவிட்டது.

உறையில் போட்டுவிட்டேன். பெயர் அப்படியே இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.
ஷி.


ஏழாம் மாதம், ஒன்பது
நாரா

அன்புத் தம்பிக்கு,

இதைத் தபால் குதிரையில் அனுப்ப முடியாது, மூட்டை இருக்கிறது. நம் கிடங்கில் மூன்று வருடச் சேவை முடித்துச் சொந்த ஊர் திரும்பும் கொமுஷி என்பவரிடம் கொடுத்திருக்கிறேன். சுவாக்காரர்தான். நடந்துதான் வருவார், தாமதமாகும். நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். கூலியாகத் தந்த அரிசியை அவர் தொடவே இல்லை. “எங்க ஊரு நொண்டிக்கா? அவருதான் என் மகன் பேரை ஏட்டுல எழுதினவரு” என்று சொல்லி மூட்டையை மார்போடு கட்டிக்கொண்டார்.

மூட்டையில் ஆறு துணித்துண்டுகள். பிரித்துப் பார்.

ஒவ்வொரு வரித்துணியின் ஓரத்திலும் எந்த மாகாணம், எந்த வட்டம், எந்த ஊர், யார் வீடு, யார் கட்டியது, எந்த வருடம் என்று எழுதி மேலே முத்திரை குத்துவார்கள். அது உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது இது. ஆறு வருடத்துக்கு முன், ஜின்கி இரண்டாம் வருடம் குளிர்காலத்தில் நான் சுவாவிலிருந்து வந்த கட்டைப் பிரித்தேன். அதில் ஒரு துணியில் எழுதியிருந்த கை எனக்குத் தெரிந்த கை. என் விரலைப் பிடித்து எழுதப் பழக்கின கை. ‘தோஜிமே வீட்டில் இருக்கும் ஹிதோதாரி கட்டிய சணல்துணி ஒன்று.’ உயிரோடு இருக்கிறார் என்று அப்படித்தான் எனக்குத் தெரியும்.

அந்தத் துணி அந்தக் குளிர்காலத்தில் கூலியாக என் பங்குக்கே வந்தது. மறு வருடமும் வந்தது. ஆறு வருடமும் வந்தது. அதில்தான் உனக்கு மேலாடை தைத்தேன். எழுத்துள்ள ஓரங்களை மட்டும் வெட்டி என் உள்ளாடையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டேன். இப்போது பிரித்தேன். நீ கேட்ட தேதியும் முத்திரையும் இதில் உண்டா என்று பார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது என்று பதினேழு வயதில் நீ சுவரில் குத்தினாய். கை வீங்கி நான்கு நாள் எழுத முடியாமல் இருந்தாய். பிறகு நான் எப்படிச் சொல்வேன்? நீ அவர் நெய்த துணியைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனாய். அது போதும் என்றிருந்தேன்.

வாடை அடித்தால் மன்னித்துக்கொள். வெகுகாலம் என் உடம்போடு இருந்தவை.

மியாமே


எட்டாம் மாதம், ஆறு
சுவா

அக்கா,

என் போன கடிதத்தை எரித்துவிடு.

கொமுஷி முப்பதாம் தேதி வந்தார். மூட்டையை என் கையில் கொடுத்த பிறகுதான் தண்ணீர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன நன்றி போதாது. நன்றி சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, தெரியும் உனக்கு. இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே தருஹிதோ முன்னால் ஆறு துண்டுகளையும் வருட வரிசையில் விரித்தேன்.

“என்ன தம்பி, பழைய துணி யாவாரமா?”

“படிச்சுப் பாருங்க.”

படித்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தண்டனைக்காரன் வரித்துணி கட்டுவானா?” என்று கேட்டேன்.

“கட்ட மாட்டான். கட்டினாலும் அவன்கிட்ட யாரு வாங்குவா?”

“இவர்கிட்ட ஆறு வருஷமா வாங்கியிருக்கு. பேரு எழுதி, வீடு எழுதி, முத்திரை குத்தி வாங்கியிருக்கு.”

“வாங்கினது சுவா. நாங்க இல்ல.”

“சுவாவோட வயலு, நாணலு, எலி வரைக்கும் முந்தாநேத்து எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டீங்க. அதோட முத்திரை சொன்ன சொல்லு மட்டும் வேணாமா?”

“முத்திரை நிஜமான்னு எனக்கெப்படித் தெரியும்? அப்பன் செஞ்ச வேலை பிள்ளைக்கும் வரும்ல?”

சுவரில் குத்துகிற வயது போய்விட்டது. பெட்டியைத் திறந்து மாகாண முத்திரையை எடுத்தேன். சிவப்பு மை தொட்டு, ஒரு வெற்றுத் தாளில் குத்தி, துணியின் பக்கத்தில் வைத்தேன். இடது மூலையில் ஒரு சின்ன உடைசல் இருக்கிறது. தாளிலும் இருந்தது, ஆறு துணியிலும் இருந்தது. துணிகளில் மட்டும் சிவப்பு வெளுத்து, மடிப்போடு தேய்ந்திருந்தது. அதிகாரி அளவுகோலைக் கேட்டார். என்னுடையதையே கொடுத்தேன். சுவா மாகாணத்தின் முத்திரை கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

அவர் ஆறு முத்திரையையும் ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு, “உழைக்கிற வயசுல ஒரு ஆளு. அவனை நானே செலவு பண்ணி இயோவுக்கு அனுப்பணுமா? எழுதுய்யா” என்றார்.

எழுதினேன். ‘ஷினானோ மாகாணம், சுவா வட்டம், தோஜிமே வீடு, ஹிதோதாரி, வயது ஐம்பத்துநான்கு.’ வயதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தண்டனைக்காரர் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘ஊர்க்குடி ஆனார்’ என்று எழுதி, அதிகாரி கையெழுத்திட்டார். சுரண்டாமலே தீர்ந்தது.

தோஜிமேவிடம் சொன்னதும், “கொக்குக்கும் மூளை இருக்கு” என்று சொல்லி, உள்ளே போய் அழுதுவிட்டு, மான் இறைச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் துண்டுகளைக் கையில் வாங்கித் தையல் பிரித்த ஓட்டைகளைத் தடவிக்கொண்டே இருந்தார். உன் ஊசி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஆறிலும் ஒரு சொட்டு மை சிந்தியிருக்கிறது. முதலில் கை நடுக்கம் என்று நினைத்தேன். பிறகு அளந்தேன். ஆறிலும் முத்திரைக்குக் கீழே, ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரே இடம். நடுங்குகிற கை ஆறு வருடம் ஒரே இடத்தில் சிந்தாது. உனக்குத் தெரியுமா?

நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இதை இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை படித்துக்கொள்.

ஷிமதாரி


எட்டாம் மாதம், இருபத்தாறு
நாரா

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். கூட நான்கு தடவை என் இஷ்டத்துக்குப் படித்தேன்.

நானும் நலம், இருமலும் இல்லை. கிடங்கில் எல்லாருக்கும் ஆளுக்கொரு பேரிக்காய் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தம்பிக்கு நன்றி சொல்ல வந்துவிட்டது என்றேன்.

மையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என் வாயால் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் முடிகிற சமயம் அங்கே வரித்துணிகளில் பெயர் எழுதுவார்கள். அவர் எழுதும்போது பக்கத்தில் இரு. அவசரப்பட்டுக் கிளம்பி வராதே.

கொமுஷிக்கும், சட்டம் தெரிந்த அந்த அதிகாரிக்கும், கூரையைப் பாதியாவது வேய்ந்தவனுக்கும் என் வணக்கம். உன்னைக் கொக்கு என்று முதலில் கண்டுபிடித்தவருக்குத் தனி வணக்கம்.

அக்கா


பத்தாம் மாதம், நான்கு
சுவா

அக்கா,

முத்திரை தலைநகருக்குக் கிளம்பிவிட்டது. இன்னொரு அதிகாரி கொண்டுபோகிறார். எனக்கு இங்கே அளவை முடியவில்லை, பனிக்காலம் முடிந்துதான் வருவேன். அளவை உண்மையிலேயே முடியவில்லை, சிரிக்காதே.

நேற்று அவர் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். ஊருக்கே அவர்தான் எழுதுகிறார். முப்பத்தொரு துணி. முப்பதில் ஒரு புள்ளி பிசகவில்லை. கடைசியாகத் தன் துணியை எடுத்தார். தன் பெயருக்கு மேலே முதல் தடவையாக ‘ஷினானோ மாகாணம்’ என்று எழுதினார். பெயரை முடித்தார். பிறகு தூரிகையை மையில் தோய்த்து, ஓரத்திலிருந்து நான்கு விரல் வைத்து அளந்து, ஒரு சொட்டு விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன பண்றீங்க! இவ்வளவு சுத்தமா எழுதிட்டுக் கெடுத்துட்டீங்களே! தள்ளிடுவாங்க!”

“தள்ள மாட்டாங்க ஷிமா” என்றார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுப் பெயர். “ஒரு சொட்டுக்குத் தள்ள மாட்டாங்க, பிரிச்சு வைப்பாங்க. சுத்தமான துணி கருவூலத்துக்குப் போகும். அங்க போனா திரும்பி வராது. கறைபட்டது தையக்காரிகளோட குளிர்காலக் கூலிக்குப் போகும். முப்பது வருஷம் தலைநகர்ல எழுத்து வேலை பாத்தவன் நான், தெரியாதா? கறைபட்டதைப் பிரிக்கிற பொண்ணு யாருன்னும் தெரியும்.”

“அவளுக்குப் போயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. இந்தத் துண்டுங்களை நீ விரிச்ச அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் சிந்திக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான்.”

தோஜிமே சட்டியைக் கவிழ்த்துக்கொண்டே, “ஒவ்வொரு வருஷமும் நல்ல துணியை இப்படிக் கெடுப்பாரு. பைத்தியம்னு நெனச்சேன். நூல் நூத்தது யாரு? நான்!” என்றாள்.

அக்கா, நாம் ஆறு வருடம் உடுத்தியது அவள் நூற்ற நூல். அவளுக்கு உன் வணக்கம் சொல்லச் சொன்னாய் அல்லவா? சொன்னேன். சின்னம்மா என்று கூப்பிட்டுச் சொன்னேன். “கொக்கு குயிலாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கூடுதலாக ஒரு மீன் வைத்தாள்.

அப்பா நலம். வெந்நீர் ஊற்றில் நானே கூட்டிக்கொண்டுபோய் இறக்குகிறேன். இஞ்சியையும் அவர்தான் தின்று தீர்த்தார்.

துணிக் கட்டு இன்று கிளம்புகிறது. கட்டியது நான்.

உன் தம்பி
ஷிமதாரி


பன்னிரண்டாம் மாதம், மூன்று
நாரா

அப்பாவுக்கும், சின்னம்மாவுக்கும், தம்பிக்கும் மியாமேவின் வணக்கம். மூவரையும் ஒரே வரியில் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

இங்கே எல்லாரும் நலம். ஏரி உறைந்திருக்கும். கால் வழுக்காமல் பார்த்து நடங்கள்.

ஷினானோக் கட்டு நேற்று வந்தது. நான்தான் பிரித்தேன். இந்த வருடமும் சுவா வட்டத்துத் துணி ஒன்றைக் கறை என்று தனியாக எடுத்து வைத்தேன். மேற்பார்வைக்காரி பார்த்துவிட்டு, “அந்த ஊருக்காரனுக்கு வயசாயிட்டே போகுது போல. இந்தத் தடவை ரெண்டு சொட்டு” என்றாள்.

ஆமாம், இரண்டு. ஒன்று எப்போதும் போல முத்திரைக்குக் கீழே, நான்கு விரல் தள்ளி, வட்டமாக. அதை ஒட்டி இன்னொன்று, கொஞ்சம் பெரியது, அவசரத்தில் விழுந்து ஒரு பக்கம் தெறித்தது.

தம்பி, கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் தாளையே கிழித்துப் போடுகிறவன் நீ. அது யாருடையது என்று நான் கேட்க மாட்டேன்.

இந்த ஓரத்தை வெட்டப் போவதில்லை. எழுத்தும் சொட்டுகளும் வெளியே தெரியும்படி தைத்து உடுத்திக்கொள்கிறேன்.

மியாமே